சேருமிடம்

பின்பக்கம் காற்றாடி வைத்த அந்தச் சின்ன விமானம் மூன்றாவது முறையாக எங்கள் கடலைக் காட்டைச் சுற்றியபோது, என்னோடு கல்லூரியில் படிக்கும் பூவரசன் அது என்ன விமானம் என்று செல்போனில் கண்டுபிடித்துவிட்டான்.

“இத்தாலிக்காரன் செஞ்சதுடா. கம்பெனி முதலாளிங்க மட்டும்தான் இதுல போவாங்க.”

அப்பா களைக்கொத்தை ஊன்றி நிமிர்ந்தார். “எங்க போகுதாம் தம்பி?”

பூவரசன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். “சேருமிடம்னு நம்ம ஊர் பேரைப் போட்டிருக்குப்பா.”

எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸே கை காட்டினால்தான் நிற்கும்.

“தப்பா இருக்கும்டா,” என்றேன்.

“ஓடுபாதையோட நீளம் வரைக்கும் குடுத்திருக்கான்டா.”

வரைபடத்தைக் காட்டினான். சாம்பல் நிறக் கோடு ஒன்று எங்கள் கிணற்றில் தொடங்கி, காட்டை இரண்டாகப் பிளந்து, வீட்டின் மேல் ஏறி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி முடிந்தது.

“கிணத்தை என்ன செய்வாங்களாம்?” என்று அப்பா கேட்டார். பூவரசன் விரலால் தள்ளித் தள்ளித் தேடினான். அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

விமானம் தாழ்ந்தது. அதன் வயிற்றிலிருந்து சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அப்பா போய், ஓடுபாதையில் படுத்திருந்த மாட்டை எழுப்பி ஓரமாகக் கட்டினார்.