முதல் ஷிப்ட்

கணவன் அரசப்பன் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் இன்றும் செண்பகம் பாயில் உட்கார்ந்தாள். எதிரே சின்னதுரை. மடியில் விரித்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தைவிட்டு அவன் தலை தூக்கவில்லை.

அரசப்பன் பாய்லர் வெடித்துச் செத்து வருஷம் திரும்பவில்லை. கூட வேலை பார்த்தவன் தினமும் சாயங்காலம் வருகிறான், இவளும் அதற்குள் புருஷனுக்கு முதுகைக் காட்டிவிட்டாள் என்று குழாயடியில் கனகாம்பாள் பேசியது இரண்டு பேர் காதுக்கும் வந்திருந்தது. கதவை மட்டும் விரியத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

நாளைக்கு இன்டர்வியூ. அரசப்பனுக்குப் பதிலாக அவளுக்குக் கம்பெனி டெலிபோன் அறையில் வேலை தருவதாகப் பேச்சு. வடக்கத்தி மேனேஜர் இங்கிலீஷில்தான் கேட்பாராம். தவறினால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மீஞ்சூரில் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

"இனிமே நடக்கப்போறத சொல்ல மூணு வழி இருக்குது," என்றான் சின்னதுரை. "அந்த நிமிசத்துல முடிவு பண்ணா, ஐ வில் கம். முன்னாடியே மனசுல வச்சிக்கினு இருந்தா, ஐ யாம் கோயிங் டு கம். இன்னொருத்தர்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணியாச்சுன்னா, ஐ யாம் கமிங்."

பத்தாவது வரை படித்தவள். பிசகாமல் திருப்பிச் சொன்னாள். காபி கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போல அவன் தொடவில்லை.

"ஏண்ணே, ரெண்டு பேரு பேசி வச்சு ஷிப்ட் மாத்திக்கினா, மூணாவதுதான?"

புத்தகம் மடியிலிருந்து சரிந்தது.

தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி, பாய்லர் வெடித்த அன்றைக்குத் தன் முதல் ஷிப்டை அரசப்பன் தலையில் கட்டியது சின்னதுரைதான். அதைச் சொல்லத்தான் இந்த வீட்டுக்கு வந்தான். சொல்ல நாக்கு எழாமல் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான்.

"உனக்குத் தெரியுமாம்மா? நான் போவ வேண்டிய எடம் அது. அவன அனுப்பிட்டேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

செண்பகம் மெல்லத் திரும்பினாள். அவ்வளவு நாளில் அப்போதுதான் படத்தை நேராகப் பார்த்தாள்.

"பதிலுக்கு ஞாயித்துக்கிழம லீவு கெடைக்கும், பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போலாம்னு எனக்கு ஆச," என்றாள். "அவரு மாட்டேன்னுதாண்ணே சொன்னாரு. நான்தான் போவச் சொன்னேன்."