மழை மட்டும் வேணாம்

"ஃபாதர் நிலத்தை மந்திரிக்கட்டும், பயிருக்கு ஜெபம் பண்ணட்டும். மழைக்கு மட்டும் வேணாம்பா," என்றார் பர்னபாஸ்.

போனைப் பிடித்திருந்த ஸ்டீவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னா பேசுறீங்கண்ணே? ராபர்ட்சன்பேட்டையில குழாயில தண்ணி வந்து பத்து நாளாவுது. டிசம்பர் பொறந்தும் ஒரு தூறல் இல்ல. ஜனங்க கெளம்பி வர்றதே மழைக்குத்தான்."

"வரட்டும். என் நிலத்துல நின்னு மழை கேக்க வேணாம். அவ்ளோதான்."

போனை வைத்துவிட்டார்.

எல்லாம் புதிதாக வந்த ஃபாதரால் வந்த வினை. அந்தக் காலத்தில் சர்ச்சின் பங்கு மக்கள் வயலுக்கே போய்ப் பயிருக்கும் பருவத்துக்கும் ஜெபம் செய்வார்களாம். அதை மறுபடி ஆரம்பிக்கலாம் என்று பூசையில் அறிவித்துவிட்டு, பொறுப்பை ஸ்டீவன் தலையில் கட்டிவிட்டார்.

தினமும் ரயிலில் பெங்களூர் போய் வரும் ஸ்டீவனுக்கு மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் கொடுத்து வீடு வீடாக ஏறி இறங்கினான்.

"மூடிப்போன கோல்டு மைன்ஸ் ஊர்ல பயிர் ஏதுப்பா? சயனைட் கழிவு கொட்டின மேட்டை மந்திரிக்கப் போறீங்களா?" என்று சிரித்தவர்கள்தான் அதிகம்.

பங்கில் விவசாயம் பார்ப்பது பர்னபாஸ் ஒருவர்தான். பூதிகோட்டையில் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தார். அவரும் இப்படிச் சொன்னால்?

"இது கூடவா புரியல உங்களுக்கு?" என்றாள் பாடகர் குழு நளினி. "அவர்கிட்ட போர்வெல் கீது. மழை இல்லாம மத்தவங்க பயிர் காஞ்சா, இவர் தக்காளிக்கு விலை ஏறும்."

அதுவரை ஸ்டீவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் சொன்ன பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

நேரே ஃபாதரிடம் போனான்.

"பயிர் அவருடையது. அவர் சொல்றபடி செய்வோமே," என்றார் ஃபாதர்.

"அப்புறம் எதுக்கு ஃபாதர் வேன் வெச்சிக்கினு போறோம்? பிக்னிக்கா?"

ஃபாதர் சிரித்தார். ஸ்டீவனுக்கு அவர்மீதும் எரிச்சலாக வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வேன் பூதிகோட்டை போய்ச் சேர்ந்தது. இறங்கிய ஸ்டீவன் அப்படியே நின்றான்.

தக்காளிச் செடிகள் துவண்டு கிடந்தன. இலைகள் சுருண்டு, காய்கள் கோலிகுண்டு அளவிலேயே நின்றுபோயிருந்தன.

"போர் இன்னாச்சுண்ணே?"

"தண்ணி வத்திக் காத்து வாங்குது. ரெண்டு வாரமாச்சு," என்றார் பர்னபாஸ்.

ஸ்டீவனுக்கு ஒன்றும் புரியவில்லை. விலைக்காகவும் இல்லை என்றால் இது என்ன வீம்பு?

"அண்ணே, செடி சாவுது. இப்பவாவது மழைக்குக் கேக்கலாம் இல்ல?"

"வேணாம்."

"ஜெபத்துல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லிடுங்க. நாங்க திரும்பிப் போயிடுறோம்."

"நம்பிக்கை இருக்குதுப்பா. அதனாலதான் வேணாங்கிறேன்."

அதற்கு மேல் அவரிடம் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று ஸ்டீவன் வரப்போரமாக ஒதுங்கிப் போனான். ஃபாதர் தீர்த்தம் தெளித்தபடி ஜெபத்தைத் தொடங்கினார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூட்டம் பதில் சொன்னது. ஸ்டீவனுக்கு வாய் திறக்கவே பிடிக்கவில்லை.

அடுத்த நிலத்திலிருந்து கையில் அரிவாளோடு ஒரு அம்மாள் வரப்பருகே வந்தாள்.

"மழைக்குக் கேட்டாச்சா நாயனா?" என்றாள் தெலுங்கு வாடைத் தமிழில்.

"இல்லமா. பயிர் போட்டவர் வேணாங்கிறார்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. இந்த வெங்கடம்மா சொல்றத யாரு கேக்கறாங்க? என் ராகி அறுத்துத் தரையில கெடக்குது. கட்டித் தூக்க ஆளில்ல, நானே ஒண்டியா செய்யணும். இப்ப மழை பேஞ்சா அத்தனையும் மொளச்சிடும்னு இந்த மனுசன் தன் செடியக் காய விடறாரு. என்னுது போனா போவட்டும், நீங்க மழை கேளுங்கன்னேன். காதுலயே போட்டுக்கல."

ஸ்டீவன் வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அறுத்த ராகித் தாள் நிலம் முழுக்க அரி அரியாகக் கிடந்தது.

திரும்பினான். வாடிய செடிகளுக்கு நடுவே பர்னபாஸ் கண்ணை மூடி முழந்தாளிட்டிருந்தார். ஃபாதர் பயிருக்கான ஜெபத்தை முடித்துப் புத்தகத்தை மூடப் போனார்.

ஸ்டீவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக அவரிடம் போனான்.

"மூடாதீங்க ஃபாதர். மழை வராம இருக்க, நல்ல வெயிலுக்கு ஒரு ஜெபம் இருந்தா படிங்க."