கழுவிய வைக்கோல்

வைக்கோல் என்பது மாட்டுத் தீவனம் என்று ஒரு தவறான கருத்து நெடுங்காலமாக மக்களிடையே நிலவி வருகிறது.

கடையத்தில் அதைத் திருத்தியவர் விஜயசங்கர். வைக்கோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, கூழாக்கி, சாப்பாட்டுத் தட்டு செய்கிற ஆலை அவருடையது. மாமனார் வல்லிநாயகம் தம் வயல் வைக்கோலை ஒரு துரும்பு மிச்சமில்லாமல் அவருக்கே விற்றுவிட்டு, "மாப்பிள்ளை தொழில்தான் நமக்கு முக்கியம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட ஆலைக்குள் ஒரு மாடு நின்று, கழுவிக் குவித்த வைக்கோலை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. கழுவும் வேலை பார்க்கும் மாரித்தாய் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றார் விஜயசங்கர்.

"ஒரு மாசம் இருக்கும் சார்."

"உன் மாட்டுக்கு என் ஆலைதான் தொழுவமா?"

மாரித்தாய் மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

"நாளையிலருந்து நீ வேலைக்கு வராண்டாம். மாட்டையும் பத்திக்கிட்டுப் போ."

மாடு அடுத்த குவியலுக்கு நகர்ந்தது. மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதத் திங்காது சார். சுண்ணாம்பு இன்னும் போகல. இன்னொரு தண்ணி அலசணும். இது வாய வச்ச பொறவுதான் நான் கூழுக்கே அனுப்புதேன்."

விஜயசங்கர் சோதனைத் தாளை அந்தக் குவியலில் நனைத்தார். கருநீலம். சுண்ணாம்பு இருந்தது. போன மாதம் வெள்ளை பூத்துத் திரும்பி வந்த தட்டுகளும், இந்த மாதம் ஒன்றுகூடத் திரும்பாததும் அவர் நினைவுக்கு வந்தன.

"இத முதல்லயே சொல்லக் கூடாதா? உன் மாடு கெட்டிக்கார மாடுதான்."

"என் மாடு இல்ல சார்."

"பின்ன யாரு மாடு?"

மாரித்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க மாமனார் வீட்டு மாடு. தொழுவத்துல போட வைக்கோல் இல்லன்னு காலையிலயே அவுத்து விட்டுருதாவ. பசியில இங்கன வந்து நிக்குது. வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான கேவலம். என் மாடாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

வைக்கோலில் பத்து வகை பிரித்துச் சொல்லும் விஜயசங்கர், அந்த மாட்டை முதல்முறையாக முகத்துக்கு நேரே பார்த்தார்.

மறுநாள் காலை மாரித்தாய் ஒரு வண்டி வைக்கோலோடு வல்லிநாயகம் வீட்டுக்குப் போனாள். கூடவே ஆலைச் சீட்டு ஒன்று. பெறுபவர் என்ற இடத்தில் 'தர ஆய்வாளர்' என்று எழுதியிருந்தது.

வல்லிநாயகம் அதன் கீழே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.