மூணாவது ஆள்

"சிரிக்கிறாளா, இல்லையா? ஒரு வார்த்தை போடுறதுக்கு இவ்வளவு நேரமா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி.

மிளகாய் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருப்பதால் ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர் அது. மதிய இடைவேளையில் மட்டும் அந்தக் கோபத்துக்கு ஓய்வு. கண் தெரியாதவர்கள் ஒரு செயலி வழியாகப் படத்தைக் கேள்வியோடு அனுப்புவார்கள். இது எந்த மாத்திரை, சட்டையில் கறை இருக்கிறதா, இந்த மாதிரி. எங்கெங்கோ இருக்கும் முன்பின் தெரியாதவர்கள், கை ஒழிந்த நேரத்தில் பார்த்துப் பதில் எழுதுவார்கள். சம்பளம் கிடையாது. அவளும் அவர்களில் ஒருத்தி.

"ஊர் பேர் தெரியாதவன் சொல்றதை எப்படித்தான் நம்புறாங்களோ?"

"ஒருத்தரை நம்புறதில்ல. ஒரே கேள்வி ரெண்டு பேருக்குப் போகும். ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா பதில் போயிடும். ஒத்துப்போகலைன்னா மூணாவது ஆள்கிட்ட வரும்."

"இப்ப நீ மூணாவதா?"

"ஆமா. ஒருத்தர் சிரிக்கிறான்னு போட்டிருக்கார். இன்னொருத்தர் இல்லைங்கிறார்."

"காட்டு, நான் பஞ்சாயத்து பண்றேன்."

"படத்தைக் காட்டக் கூடாது. கேள்வியை வேணா படிக்கிறேன்." மிளகாயின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "'இது நான் பெத்த பொண்ணு பட்டம் வாங்கின படம், அவ அனுப்பினது. எங்க வம்சத்துலயே முதல் பட்டம். சிரிக்கிறாளான்னு மட்டும் சொல்லுங்க.'"

"அட பாவமே. அந்தப் பொண்ணு எங்க போனாளாம்? படம் அனுப்பத் தெரியுது, பெத்தவ பக்கத்துல உக்காந்து சொல்லத் தெரியலையா?"

"அவளுக்கே தெரியாது. கண்ணு போனதைச் சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்னு மறைச்சிருக்காங்க. அதையும் எழுதியிருக்காங்க."

"நல்லா இருக்கே கதை. போன்லயாவது பேசியிருப்பால்ல? பெத்த தாய்க்குக் கண்ணு தெரியலைன்னுகூடத் தெரியாம என்ன பொண்ணு அவ? கையில கிடைச்சா நாலு அறை விடுவேன்."

மற்ற நாளாக இருந்தால் மிளகாய் பதிலுக்குப் பொரிந்து தள்ளியிருப்பாள். இன்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி விடு. சிரிக்கிறான்னு போட்டுடு. அந்தம்மா மனசு குளிரட்டும்."

"சிரிக்கல. உர்ருன்னு நிக்கிறா. கண்ணு எங்கேயோ அலையுது."

"அதையா எழுதப் போற? உனக்கெல்லாம் இரக்கமே கிடையாதா?"

மிளகாய் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அனுப்பிவிட்டுத்தான் வாய்விட்டுப் படித்தாள்.

"'சிரிக்கலம்மா. கூட்டத்துல உங்களைத்தான் தேடுறா. உங்களைப் பாத்திருந்தா சிரிச்சிருப்பா.'"

பக்கத்து சீட்டுக்காரி கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். "ஏய், கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுதணும், ஊகிக்கக் கூடாதுன்னு நீதானே வகுப்பு எடுப்ப? அவ யாரைத் தேடுறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊகிக்கல," என்றாள் மிளகாய், மேலாளரிடம் லீவு கேட்க எழுந்தபடி. "கூட்டம் எனக்கு ஒத்துக்காது, வரலைன்னு சொன்ன அம்மா, மனசு மாறி வந்து நிப்பாளோன்னு அந்தப் படத்துல மேடையில நின்னு தேடினது நான்தான்."