சும்மா கிடந்த பெயர்

குழந்தையின் பெயர் என்ற கட்டத்துக்கு மேலே பேனா நின்றது.

கீழே, தந்தையின் பெயர் என்ற இடத்தை அவன் முதலிலேயே நிரப்பிவிட்டான். இளமாறன். எழுத்துக்கூட்டித்தான் எழுதினான். முப்பத்தெட்டு வயதில் சொந்தப் பெயரை எழுதப் பழகுவது லேசான காரியமில்லை.

போன வெள்ளிக்கிழமைவரை அவன் பெயர் குப்பை.

பட்டப்பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அதுதான். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துக்காரர் ஏதோ பிழை என்று நினைத்து, அவராகவே குப்புசாமி என்று திருத்திக் கொடுத்தார்.

அக்காவுக்குப் பின், அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பையன்களுக்கும் பெயரில் குறை வைக்கவில்லை. ராஜேந்திரன், பத்து மாதம் இருந்தான். தேவேந்திரன், நாற்பது நாள்.

மூன்றாவது பையனான அவனைக் குப்பைமேட்டில் கிடத்தி, முறத்தில் அள்ளியெடுத்து, அந்தப் பெயரையே வைத்தார்கள். எமன் வந்தாலும் குப்பையையா எட்டிப் பார்க்கப் போகிறான் என்று கணக்கு.

கணக்குத் தப்பவில்லை. அவன் பிழைத்தான். பெயர்தான் அவனைப் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு வருடமும் புது வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்துவார். வகுப்பு அதற்காகவே காத்திருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தனக்கு மட்டுமென்றால் இன்னும் பொறுத்திருப்பான். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் காலமெல்லாம் குப்பை ஒட்டிக்கொண்டு வருமே என்றுதான் அரசிதழில் பெயர் மாற்ற எழுதிப்போட்டான்.

அக்கா மட்டும் வேண்டாமென்றாள். முந்தின இருவரையும் மடியில் வைத்திருந்தவள் அவள்.

“அந்தப் பேரக் கழட்டிப் போடாதடா தம்பி. அதுக்குள்ளதான நீ ஒளிஞ்சிருக்க.”

சிரித்தான். படித்தவன் அல்லவா.

வெள்ளிக்கிழமை அரசிதழ் கைக்கு வந்தது. பழைய பெயர், புதுப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. ஒன்றையும் விடவில்லை. யார் வேண்டுமானாலும் வழி கேட்காமல் வீடு வந்து சேரலாம்.

அன்று சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். முதல் பையனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

முதல் பையன் ஆரவ். மனைவி பவித்ரா கைபேசியில் பார்த்த பட்டியலில், அந்த வருடம் முதலிடத்தில் இருந்த பெயர். முப்பத்தொரு நாள் அந்தப் பெயரோடு இருந்தான்.

இவனுக்கு இன்று இருபத்தொன்பதாவது நாள்.

இந்த முறையும் அவள் பட்டியலைப் பார்த்தாள். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று பார்த்தாள். விஹான் என்று முடிவாயிற்று. வெள்ளி டம்ளரில் பெயர் பொறிக்கவும் கொடுத்தாகிவிட்டது.

பேனா இறங்கவில்லை. நகராட்சி சன்னலுக்கு உள்ளே இருந்த பெண், என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னான்.

“விஹானா? இந்த மாசம் மட்டும் ஒம்பது விஹான் சார்.” கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “அதுல ஒண்ணு நேத்துதான் இறப்பு ரெஜிஸ்டருக்குப் போச்சு.”

பேச்சுக்குச் சொன்னதுதான். அந்த ரெஜிஸ்டரும் அதே மேஜையில், அவள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. சன்னலுக்கு மேலே பிறப்பு இறப்புப் பதிவு என்று ஒரே பலகை. இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

அவன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

குப்பை என்ற பெயரில் இப்போது யாரும் இல்லை.

முப்பத்தெட்டு வருடம் ஒருவனைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்த இடம். சும்மா கிடந்தது.

பவித்ரா அழுவாள். அவன் முகத்தில் விழிக்க மாட்டாள். பள்ளியில் பையன் எழுந்து நிற்கும்போது வகுப்பே சிரிக்கும்.

சிரிக்கட்டும். எழுந்து நிற்க அவன் இருந்தால் போதும்.

எழுதினான். இந்தப் பெயருக்கு எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண் படிவத்தையும் கூட வைத்திருந்த அரசிதழ் நகலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“சார், உங்க பழைய பேர குழந்தை கட்டத்துல எழுதிட்டீங்க.”

சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றான். அவள் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முத்திரை வைத்தாள்.

வாசல்படிக்கு வருவதற்குள் பவித்ராவிடமிருந்து போன். குழந்தைக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டதாம். மூன்று நாளைக்குப் பிறகு நன்றாகப் பால் குடிக்கிறானாம். பெயர் கொடுத்தாயிற்றா என்று கேட்டாள்.

கொடுத்தாயிற்று என்றான். அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். இத்தனை சந்தோஷமாக அவன் அழுததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் கால் வைத்தபோது பின்னால் ஒரு குரல் கூப்பிட்டது.

“இளமாறன்.”

சன்னலில் இருந்த பெண்ணின் குரல் இல்லை.

அந்தப் பெயரைச் சொல்லி அவனை இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

அவன் திரும்பினான்.