மூன்று வரிப் பக்கம்

“இதெல்லாம் ஒரு பக்கமாம்மா? மூணே வரி. கீழே ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்.”

லேப்டாப்பைத் தங்கை பக்கம் திருப்பினான் அண்ணன். இணையதளம் செய்து கொடுப்பது அவன் தொழில்.

தங்கை டாக்டர். அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு எந்த மருத்துவமனை என்று அன்று சாயங்காலத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். செய்துவிட்டால் மூன்று வருஷம் அங்கேதான். பிடிக்கவில்லை என்று நடுவில் திரும்பி வர முடியாது.

இரண்டு இடங்களில் சீட் இருந்தது. முதல் மருத்துவமனையின் பக்கம் கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது. சிரித்த முகமாய் டாக்டர்கள், குடும்பம் போன்ற சூழல், வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு. இன்னொன்றில் துறையின் பெயர், முகவரி, ‘விவரத்தை இங்கே படிக்கிற டாக்டர்களையே கேளுங்கள்’ என்று ஒரு வரி, அவர்கள் ஓய்வெடுக்கும் அறையின் போன் நம்பர்.

“சொந்தப் பக்கத்தையே கவனிக்காதவங்க நோயாளியை என்னத்தைக் கவனிப்பாங்க? அந்தத் துறைக்குத் தலைவரா இருக்கிற சீஃப் சரியான சோம்பேறியா இருக்கணும்.”

தங்கை அந்த ஆல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இந்தக் கண்ணாடி போட்ட டாக்டர், போன மாசம் நீ ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பண்ணிக் கொடுத்தியே, அதுலயும் இருந்தாரே?”

அண்ணன் காதைச் சொறிந்தான். அது காசு கொடுத்து வாங்குகிற படம், எல்லாரும் போடுவதுதான் என்றான். பக்கத்தில் இருக்கிற வரிகளையும் தன்னைப் போன்றவர்கள்தான் எழுதிக் கொடுப்பார்கள் என்றான்.

“அப்போ அந்த வார ஓய்வும் கடையில வாங்கினதுதானா?” என்றவள், மூன்று வரிப் பக்கத்து நம்பரைப் போட்டாள்.

மத்தியான நேரம். கொஞ்சம் கரகரத்த ஓர் ஆண் குரல், கிசுகிசுப்பாக, என்ன வேண்டும் என்றது. அவள் ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள். பதிலும் அப்படியே வந்தது. பாதி வாரங்களில் ஓய்வு நாளே கிடைக்காது. சீஃபுக்கு மூக்கின்மேல் கோபம். தையல் கொஞ்சம் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்.

அண்ணன் வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

“நல்லதா ஒண்ணுமே இல்லையா சார்?”

குரல் இன்னும் தணிந்தது.

“நீங்க கத்தியைப் பிடிக்கிறப்போ எதிர்ல சீஃப் நிப்பார். தனியா விடமாட்டார். அதை நம்பி வரலாம்.”

“ஏன் சார் இவ்வளவு மெதுவா பேசறீங்க?”

“பக்கத்துல தூங்கறாங்க,” என்று போன் வைக்கப்பட்டது.

அவள் அந்த மருத்துவமனைக்கே பதிவு செய்தாள். திட்டு வாங்கவே தேடிப் போகிறாயே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். “குறையை மறைக்காதவங்க நல்லதை மட்டும் பொய்யா சொல்லுவாங்களாண்ணா?” என்றாள்.

சேர்ந்த அன்றே, போனில் பேசினவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று சீனியர்களைக் கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானத்தில் தாங்கள் யாரும் போனை எடுத்ததே இல்லை, ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்குவோம் என்றார்கள்.

அந்த வாரமே அவளுடைய முதல் ஆபரேஷன். எதிரில் சீஃப். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

நாலாவது தையல் கோணிற்று.

“பிரி. மறுபடி போடு,” என்றார் கிசுகிசுப்பாக.

அந்தக் கரகரப்பு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். “சார், அன்னிக்கு போன்ல உங்களைப் பத்தி அவ்வளவும் சொன்னது...”

“பிள்ளைங்களை எழுப்ப மனசு வரலை. அதான் நான் எடுத்தேன்,” என்றார் சீஃப். “என்னை ஏன் பார்க்கறே? தையலைப் பாரு.”