அழிந்த சரிவு

மலையேறப் போன கணவர் திரும்பாததால், செண்பகவல்லி மீட்புக்குழு அறையின் வரைபடத் திரையில் தானே பாதை போட்டுப் பார்த்தாள். அவர் கடைசியாக எங்கிருந்து போனில் பேசினாரோ அந்த மேற்குச் சரிவு வரைபடத்திலேயே இல்லை.

“நேத்து இருந்துச்சேண்ணே!”

“ஆள் தொலைஞ்ச இடத்த வரைபடமே அழிச்சிரும் தாயி. இன்னொருத்தர் அங்க போயிரக் கூடாதுல்ல?” என்றார் குழுத் தலைவர் தேவசகாயம்.

“அப்ப நீங்க போய்த் தேடுங்க.”

“படத்துல பாதை விழுந்தாத்தான் எங்களுக்கே மலையடிவாரத்துக் கேட்டு திறக்கும்.”

அவள் ஜன்னல் வழியே கைகாட்டினாள். துளி மேகமில்லாத வானத்தின் கீழே, அதே சரிவிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது.

“அவருதாண்ணே. தீ மூட்டிக் கூப்புடுறாரு.”

தேவசகாயம் புகையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

“மேகமா இருக்கும் தாயி” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.